வரப்புக் கீழாநெல்லி

எழுபதுகளில் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லியில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது வேலை. செடிக்கு நன்னிலம் பக்கத்து வயல்களுக்குப் போவேன். நில உச்சவரம்புச் சட்டத்தால் ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். பையோடு வரப்பில் குனிந்து நின்ற என்னைப் பண்ணையின் நிலங்களைக் கவனிக்கும் காரியக்காரர் கட்சிக்காரி என்று நினைத்தார். கூலிக்காரர் தெருவிலோ பண்ணை அனுப்பிய ஆள் என்றார்கள்.

ஒரு தடவை கொண்டுவந்த செடியின் சாற்றை, பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் கண்ணாடித் தட்டில் ஓடவிட்டு அயோடின் ஆவியில் காட்டியபோது, அதுவரை பார்த்திராத ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"புதுப் பொருள்மா! இதுதான் ஈரலுக்கு மருந்தா இருக்கும்."

எனக்கு அது உறுத்தியது. கல்லூரித் தோட்டத்துச் செடியில் அந்தப் புள்ளி இல்லை. மறுபடியும் போய் வரப்பு வரப்பாகப் பறித்து வந்தேன். பண்ணை வயலை ஒட்டிய ஒரே ஒரு வரப்பின் செடியில்தான் புள்ளி இருந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் அடிக்கிற பூச்சி மருந்தை உரக்கடையில் வாங்கி, அதில் ஒரு துளியைச் செடிச் சாற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் வந்து நின்றன; புதுப் பொருள் என்றது பூச்சி மருந்துதான்.

பேராசிரியரின் முகம் மாறியது. "பாத்திரத்த ஒழுங்கா கழுவுனியா?" என்று மட்டும் கேட்டார்.

பாத்திரத்தைவிட வேறொன்று என்னை அரித்தது. அந்த வரப்பை எனக்குக் காட்டியவர் நடவு வேலை செய்கிற ஓர் அக்கா. அவருடைய கணவருக்குக் காமாலை. அதே கீழாநெல்லியைத்தான் தினமும் அரைத்து மோரில் கொடுத்துவந்தார். மறுநாளே பஸ் ஏறினேன்.

"அக்கா, அந்த வரப்புச் செடிய நிறுத்திடுங்க. அதுல பூச்சி மருந்து இருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வரப்பு யாருதுன்னு கேஸ் நடக்குது. நாங்க அதுல கால் வைக்கக் கூடாதுன்னு பண்ணையில சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்லக்கா, சத்தியமா."

"எல்லாரும் சத்தியந்தான் பண்றாங்க, டீச்சரம்மா."

வாதாடிப் பயனில்லை. தெருக்கோடிக் குட்டையிலிருந்து கொசுப்புழுவோடு தண்ணீரை இரண்டு கொட்டாங்கச்சியில் மொண்டு வந்தேன். ஒன்றில் அந்த வரப்புச் செடியின் சாறு, மற்றதில் அவர் வீட்டுக் கொல்லைச் செடியின் சாறு. இரண்டையும் அவரையே பிழியச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் முதலாவதில் புழுக்கள் துடித்து அடியில் படிந்தன. மற்றதில் நெளிந்துகொண்டே இருந்தன. அவர் உள்ளே போய், அரைத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து சாக்கடையில் கொட்டினார்.

"பயிருக்கு அடிச்சது காத்துல வந்துச்சா, இல்ல வேணும்னே வரப்புல அடிச்சாங்களா?"

"அது எனக்குத் தெரியலக்கா."

"எனக்குத் தெரியும்" என்றார். செடியைப் பிழிந்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

அவர் கணவரைத் திருவாரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவடைக்குள் எழுந்து நடமாடினார். அந்தத் தெருவில் யாரும் அதன்பிறகு அந்த வரப்பில் கீரை கிள்ளவில்லை. பேராசிரியர் என் ஒவ்வொரு தட்டையும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியாகப் போன அன்று காரியக்காரர் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளோடு நின்றார்.

"வரப்புல என்ன கண்டுபுடிச்சீங்க?"

"களைதாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வரப்புச் செடி இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.