அட்டையில் விட்டுப்போன கோடு

கருக்கலைப்பை எதிர்த்து ஊர்வலம் போகிற கத்தோலிக்கர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் டில்லியில் நிறையப் பேர். சிரிக்கட்டும். நானும் அந்த ஊர்வலத்தில் போகிறவள்தான். வயிற்றில் இருப்பது உயிர் என்று நம்புகிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை.

டில்லியின் துவாரகாவில் எங்கள் அன்பியத்தில், அதாவது மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற தமிழ்க் குடும்பங்களின் குழுவில், அந்த வருஷ ஊர்வலத்துக்கு அட்டை தயார் செய்தோம். அன்பியத் தலைவர் ரத்தமும் சதையுமாக, கலைத்த கருவின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார்.

"பாத்தா மனசு பதறணும்," என்றார்.

"பதறி மூஞ்சியத் திருப்பிக்குவா. பிள்ளை தானா கலைஞ்சு போனவளும் ரோட்டுல நிப்பா. அவளுக்கும் இதக் காட்டுவீங்களா?" என்றேன்.

படத்தைச் சுருட்டி எங்கள் வீட்டுப் பரணில் போட்டேன்.

அதற்குப் பதிலாக நானே இந்தியில் ஒரு அட்டை எழுதினேன். 'அப்னா கர்ப் மத் கிராவோ.' உன் கருவைக் கலைக்காதே. என் இந்தி காய்கறிக்காரரிடம் கற்றது. பேச வரும், எழுத்தில் தகராறு. தமிழில் ஒரே 'ப'வை வைத்துப் பிழைத்த கைக்கு இந்தியின் விதவிதமான 'ப' எங்கே பிடிபடும்? தப்பான 'ப'வைப் போட்டேன். அதன் வயிற்றில் போட வேண்டிய குறுக்குக் கோட்டையும் விட்டேன். கோடு இல்லையென்றால் அது 'வ'. கர்ப், கர்வ் ஆகிவிட்டது. 'உன் கர்வத்தைக் கீழே போடாதே' என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் தண்ணீர் பாட்டிலுக்காகத் தமிழில் கத்தியதைக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, இது எந்தக் கட்சி?" என்றாள். தப்பை அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

எனக்கு எரிச்சல். "சரி, கோடு விட்டுப்போச்சு. நாங்க சொல்ல வந்தது வயித்துப் பிள்ளையப் பத்தி."

சிரிப்பு நின்றுவிட்டது. கூடவே நடந்து வந்தாள்.

"அட்டை தூக்கறது ஈஸி அக்கா. எனக்கு நாளைக்கு க்ளினிக். முனிர்காவுல ரூம் எடுத்துப் பரீட்சைக்குப் படிக்கறேன். கூட இருந்தவன் போன் எடுக்கறதில்ல. வயிறு தெரிஞ்சா ஓனர் சாமானத் தூக்கி வெளிய வெச்சிடுவார். ஊருக்கும் போக முடியாது, அப்பா மிலிட்டரி. நீங்க யாராவது ரூம் குடுப்பீங்களா?"

"குடுத்தா?"

"இடம் இருந்தா நான் க்ளினிக்குக்கே போன் பண்ணிருக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. இத்தனை வருஷமாக அட்டை பிடிக்கிறோம், எந்த அட்டையிலாவது தங்க ஒரு இடத்தின் விலாசம் இருந்ததா? இவளுக்கு ஒரு ரூம் தருவீங்களா என்று பக்கத்தில் வந்த தலைவரிடம் கேட்டேன்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு. அபார்ட்மென்ட் சொசைட்டில யாருன்னு கேப்பாங்களேம்மா."

"கேட்டா உங்க படத்தக் காட்டுங்க. பதறிட்டுப் போகட்டும்."

ஏர்போர்ட்டில் டியூட்டியில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஜல்தியா முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் எனக்குச் சொல்லுவ," என்றார்.

"ஆமா. துணி காயப்போடற ரூமக் காலி பண்ணணும்."

"அச்சா. கட்டில்?"

"வாங்கணும்."

மறுநாள் அவள் க்ளினிக்குக்குப் போகவில்லை. ஒரு சூட்கேஸ், ஒரு குக்கர், ஒரு முருகன் படத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முருகனை ஜன்னல் பக்கம் மாட்டினாள். எங்கள் மாதா பீரோவுக்கு மேல். இரண்டு பேருக்கும் ஒரு தகராறும் இல்லை. எனக்கும் அவளுக்கும்தான் தினம் தகராறு. "முடிவு நான் எடுத்தேன் அக்கா. வேற ஒருத்தி வேற முடிவு எடுத்தா அது அவ பாடு," என்பாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்காக அவளுக்குச் சோறு போடாமல் இருந்துவிடுவேனா? சொசைட்டி செக்ரட்டரி வந்து யார் என்று கேட்டார். எங்க வீட்டுப் பொண்ணு, வேற ஏதாவது வேணுமா என்றேன். போய்விட்டார்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தலைவர் டிரில்லோடு வந்து, ஸ்டூல் மேல் ஏறி, தொட்டிலுக்குக் கொக்கி அடித்துக் கொடுத்தார். அதைத் தானே இழுத்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு என்றால் அந்தக் கொக்கிக்காகத்தான்.

அடுத்த ஊர்வலத்துக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"நான் வரமாட்டேன். அட்டை எழுதித் தரேன். நீங்க எழுதினா மறுபடி கூத்தாயிடும்."

இந்தியிலும் தமிழிலும் எழுதினாள்: 'ரூம் இருக்கு. வா.' கீழே என் போன் நம்பர். பாவம், நரகம் என்று ஒரு வார்த்தை இல்லை. படமும் இல்லை. அந்த நம்பருக்குப் போன் வருகிறது. எடுக்கிறோம்.

"அந்தப் பழைய அட்டையையும் எடுத்துட்டுப் போங்க அக்கா," என்றாள். "அதப் பாத்துத்தானே நின்னேன்."

எடுத்துப் போகிறேன். இன்னும் யாராவது சிரிக்கிறார்கள். விட்டுப்போன கோட்டை நான் இன்னும் போடவில்லை.