குமிழி வந்த இடம்

எங்கள் அண்ணி எந்நேரமும் ஒழுகுவதைப் பற்றியே பேசுவாள். வால்வுக்குள் இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று அழுந்தி, உள்ளே இருப்பதைத் தடுத்து நிறுத்தும். வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் மேடும் பள்ளமும் உண்டாம். மேடுகள்தான் தொடும், பள்ளங்கள் வழியே ஒழுகும். எவ்வளவு ஒழுகும் என்று, வால்வு செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வால்வுத் தொழிற்சாலையில் அவள் வேலை. வீட்டில் குழாய் சொட்டினால் மட்டும் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

அண்ணன் அதே தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. செய்து முடித்த வால்வுக்குள் காற்றை ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பான்.

புது வால்வு ஒன்று ஒழுகவே ஒழுகாது என்றாள் அண்ணி. அண்ணனின் தொட்டியில் குமிழி வந்தது. கட்டிய மனைவி என்றும் பார்க்காமல், ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டான். மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கணக்குப் பிரிவே வேண்டாம்."

அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. "உங்கண்ணனைச் சாப்பிட வரச்சொல்லு." "பசிக்கலன்னு உங்கண்ணிகிட்ட சொல்லு." மூன்றடி தூரத்துக்குத் தங்கை நான் தூது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு எரிச்சலாக வந்தது.

வியாழன் மாலை கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்தேன். அண்ணி அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இந்த நெருப்பு எங்க போய் முடியும்?"

"சுத்திச் சுத்தி நடுவுக்குத்தான் வரும். இதுல என்ன அண்ணி சந்தேகம்?"

"ஐயோ, நான் வட்டம்னு நெனச்சுட்டேனே!"

லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் உளி நகர்ந்துகொண்டே கடைவதால், உலோகத்தில் விழும் பள்ளக் கோடு உள்ளிருந்து வெளிவிளிம்புவரை ஒரே சுருளாக ஓடுமாம். இவளோ ஒரு சின்னத் துண்டை அளந்து, கணக்கில் அதையே சுற்றிலும் ஒட்டிவிட்டாள். கோடுகள் எல்லாம் மூடிய வட்டங்களாகிவிட்டன. கணக்கில் காற்று வெளியேற வழியே இல்லை; நிஜத்தில் கோடு விளிம்பில் முடிகிற இடத்தில் வழி இருந்தது.

நேராக அண்ணனிடம் போனாள்.

"குமிழி எங்கேர்ந்து வந்துச்சு? சுத்திலுமா, ஒரே எடத்துலயா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நீயே சொல்லு என்று அண்ணி பக்கம் கையைக் காட்டினேன்.

"ஒரே எடத்துலதான். தூசியோன்னு தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். எவ்வளவுன்னுதான நீ கேட்ட, எங்கன்னு கேக்கலியே?"

"நீங்களும் சொல்லலியே!"

வெள்ளிக்கிழமை, "தப்பு என் கணக்குலதான் சார்" என்று அண்ணியே மேனேஜரிடம் சொன்னாள். பிறகு சோதிக்காத வால்வு ஒன்றை எடுத்து, கோடு விளிம்பில் முடிகிற இடத்தில் பேனாவால் குறி வைத்தாள். அண்ணன் அதைத் தண்ணீரில் இறக்கினான். குறி வைத்த இடத்திலேயே குமிழி கிளம்பியது.

அண்ணியின் பிரிவு தப்பியது. தூது வேலை போனது எனக்குத்தான்.