தந்தியில் போன இரண்டு திருத்தங்கள்

1. நான்கு நிமிட ஆடு

1966-ஆம் ஆண்டு ஆனி மாதம். நாட்களை என் நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன். அப்போது பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் கணிப்பொறிப் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். எனக்குக் கொடுத்திருந்த வேலை ஆடு புலி ஆட்டம். பார்வையாளர்கள் வருவதற்கென்று ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். அன்று வருகிறவர் மூன்று புலிகளை ஆடுவார். எங்கள் இயந்திரம் பதினைந்து ஆடுகளை ஆட வேண்டும்.

முதல் சோதனையில் ஒரே ஓர் ஆட்டை வைக்க இயந்திரம் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. எங்கள் பிரிவுத் தலைவர் பாளையங்கோட்டைக்காரர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னவே இது? ஒம்ம ஆடு யோசிச்சு முடிக்கதுக்குள்ள புலி கெழடாயிப் போவும். அரை நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்டு போனாலும் ஆட்டமும் கெடையாது, நீரும் இங்கன கெடையாது. மறுபடி கார்டு பஞ்ச் பண்ணப் போயிரும்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கார்டுகளில் துளையிடும் பஞ்ச் பிரிவிலிருந்து புரோகிராமிங்குக்கு வர எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வாரமே தங்கை கல்யாணத்துக்காகத் தென்காசிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்கு முன் எங்களுக்குக் கிடைத்த இயந்திர நேரம் ஒரே ஒரு மணி. அதுவும் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை. அப்போது நான் திரும்பி வரும் ரயிலில் இருப்பேன். ஊரிலிருந்து புரோகிராமைக் கையால் எழுதிய கோடிங் ஷீட்டைத் தபாலில் அனுப்புவது, என்னுடன் வேலை பார்த்த தேஷ்பாண்டே அதைக் கார்டில் பஞ்ச் செய்து அந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

2. இருபத்து மூன்று பிட்

பழைய புரோகிராம் ஏன் நத்தையாக நகர்ந்தது என்பது ரயிலிலேயே புரிந்துவிட்டது. பலகையில் இருபத்து மூன்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு முழு வேர்ட், ஓர் எண் கொள்ளும் அறை, ஒதுக்கியிருந்தேன். காலியிடம் எது என்று கேட்டால், ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை லூப் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகும். ஒரு முடிவுக்கு வருவதற்குள் இந்தச் சுற்று பல ஆயிரம் தடவை நடக்கும்.

எங்கள் இயந்திரத்தின் ஒரு வேர்டில், ஒன்றோ பூஜ்யமோ கொள்ளும் நாற்பத்தெட்டு பிட். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதுமே! புலிகளுக்கு ஒரு வேர்ட், ஆடுகளுக்கு ஒரு வேர்ட். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து 'ஆர்' செய்தால் ஆள் இருக்கும் இடங்கள். அதைக் காம்ப்ளிமென்ட் செய்தால், அதாவது ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் புரட்டினால், காலியிடங்கள். இரண்டே இன்ஸ்ட்ரக்ஷனில் முழுப் பலகையும் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது, அந்தக் காலியிடங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்கும் வேறொரு கூடத்திலிருந்து வந்த தட்டச்சுக் குறிப்பு ஒன்றில் ஒரு தந்திரம் படித்திருந்தேன். அந்த வேர்டை ஓர் எண்ணாகக் கருதி, அதையும் அதன் மைனஸையும் 'ஆண்ட்' செய்தால், அதாவது இரண்டிலும் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால், வலது கோடியில் உள்ள ஒன்று மட்டும் மிஞ்சும். லூப்பே வேண்டாம். கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் உட்கார்ந்து பதினோரு ஷீட் எழுதினேன். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்தேன். ஞாயிறன்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

3. புளியங்கொட்டை

செவ்வாய்க்கிழமை காலை செய்யதுவும் நானும் குற்றாலம் போனோம். செய்யது என் பள்ளித்தோழன். தென்காசியில் சொந்தமாக இரண்டு தறி வைத்திருந்தான். மெயின் அருவியில் வெள்ளம் அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். தண்ணீர் குறையும் வரை காத்திருக்க, ஒரு மண்டபத்துத் தரையில் ஏற்கெனவே கீறியிருந்த பலகையில் ஆடு புலி ஆடினோம். இரண்டு ஆட்டத்திலும் என் ஆடுகளைத் தின்று தீர்த்தான்.

"ஏலே, பம்பாய் மிசினும் இப்படித்தான் ஆடுமா? அப்பம் அதுக்கும் ஒரு மேய்ப்பன் வேணுமேலே."

ரோஷம் வந்தது. மிசின் எப்படி ஆடும் என்று காட்டுகிறேன் பார் என்றேன். அங்கே தாயம் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் எட்டுப் புளியங்கொட்டை வாங்கினேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். வெள்ளை என்றால் ஒன்று, கறுப்பு என்றால் பூஜ்யம். வரிசையாகப் பரப்பி, அதே வரிசையை ஒரு தாளிலும் குறித்துக்கொண்டேன்.

"இப்ப மைனஸ் எடுக்கணும். எங்க மிசின்ல மைனஸ்னா ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் கவுத்துப் போட வேண்டியதுதான்" என்று எட்டையும் புரட்டினேன். "இனி ரெண்டு வரிசையிலயும் வெள்ளையா இருக்கது எதுன்னு பாரு."

செய்யது தாளைப் பார்த்தான். கொட்டைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் கவுத்துட்டு ரெண்டுலயும் வெள்ளை எங்கலே இருக்கும்? வெள்ளையெல்லாம் கறுப்பாயிட்டே. ஒண்ணுகூட மிஞ்சாது. இதுக்கா சர்க்கார் சம்பளம் குடுக்கு?"

அவன் சொன்னது சரி. அந்தக் குறிப்பு வேறு வகை இயந்திரத்துக்காக எழுதியது. அதில் மைனஸ் என்றால் புரட்டிவிட்டு ஒன்று கூட்டுவார்கள். எங்கள் இயந்திரம் புரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே என் தந்திரம் எப்போதும் பூஜ்யத்தைத்தான் தரும். ஆட்டுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காது. இரண்டு வருடமாக அந்த இயந்திரத்தில் வேலை பார்த்தவன் நான். மைனஸுக்கு அது என்ன செய்யும் என்பது எனக்கு மனப்பாடம். தெரிந்திருந்தும் இன்னொருவர் வரியை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தேன்.

பரிகாரம் சிறியதுதான். முதலில் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அதன்பின் புரட்டி, அசல் எண்ணோடு 'ஆண்ட்' செய்ய வேண்டும். கொட்டைகளை வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வலது கோடி வெள்ளை ஒன்று மட்டும் மிஞ்சியது. கொட்டைகளுக்குப் பதில் தாயக்காரர்களுக்கு இரண்டு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, எட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். குளிக்காமலே தென்காசிக்கு பஸ் ஏறினோம். கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் பம்பாய் போய்ச் சேராது. தந்தி ஒன்றுதான் வழி.

4. தந்தி அலுவலகம்

கவுண்டரில் இருந்த குமாஸ்தா பெயர் சுடலைமுத்து. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் படிவத்தை வாசித்தார். இன்ஸ்ட்ரக்ஷன்களின் மூன்றெழுத்துச் சுருக்கமும் எண்களுமாக இரண்டு வரி எழுதியிருந்தேன்.

"அண்ணாச்சி, இது என்ன பாஷை?"

"கணிப்பொறிக்கு உள்ளது."

"சங்கேதம்லா இது? போன வருசம்தான் பாகிஸ்தான் சண்டை நடந்து முடிஞ்சிருக்கு. போஸ்ட் மாஸ்டர் கையெழுத்து இல்லாம நான் அனுப்ப மாட்டேன். அவுக திருநெல்வேலி போயிருக்காவ. நாளைக்கழிச்சு வாருங்க."

"நாளைக்கழிச்சு நான் ரயில்ல இருப்பேன். இது போகலன்னா என் வேலை போயிரும் அண்ணாச்சி."

"இத அனுப்பினா என் வேலை போயிரும்."

பின்னால் நின்ற செய்யது, "ரெண்டு பேரும் எங்கிட்ட தறிக்கு வந்திருங்கவே" என்றான். சுடலைமுத்து சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தைத் திருப்பித் தந்து, "எல்லாருக்கும் வெளங்குத இங்கிலீஷுல எழுதுங்க, அனுப்புதேன். எனக்கு வெளங்கணும், அதான் கணக்கு" என்றார்.

அவருக்கு விளங்க வைப்பதற்காகக் கைக்குட்டையை அவிழ்த்தேன். நல்லவேளை, கவுண்டரில் வேறு ஆள் இல்லை. ஒன்றைக் கழிப்பது, புரட்டுவது, இரண்டிலும் இருப்பதை எடுப்பது எல்லாம் சொன்னேன். தலையாட்டினார். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஆளிருக்கும் இடங்களைப் புரட்டினால் காலியிடங்கள் வரும், அந்த எண்தான் இது என்றேன்.

"மொத்தம் எத்தனை கொட்டை அண்ணாச்சி? எட்டா?"

"இது மாதிரிக்கு. மிசின்ல நாப்பத்தெட்டு."

"பலகையில?"

"இருபத்து மூணு."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அப்பம் பலகைக்கு வெளிய இருபத்தஞ்சு கொட்டை கறுப்பா கெடக்கு. நீங்க எல்லாத்தையும் கவுத்தா அதுவும் வெள்ளையாயிருமே. வெள்ளைன்னா காலியிடம்னு சொல்லுதிய. அங்கன போயி ஆட்டை வச்சா புலி எப்படி அண்ணாச்சி பிடிக்கும்?"

அவர் கேட்டது சரிதான். பழைய புரோகிராமில் லூப் இருபத்து மூன்றோடு நின்றுவிடும், அதனால் இந்தச் சிக்கலே எழுந்ததில்லை. லூப்பை எடுத்தவன் அந்த வேலியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். முதல் திருத்தம் மட்டும் போயிருந்தால், ஆடு பறிபோகாத இடத்தைத் தேடும் என் இயந்திரம் பதினைந்து ஆடுகளையும் பலகைக்கு வெளியே கொண்டுபோய்ப் பத்திரமாக நிறுத்தியிருக்கும். அதையும் அதிவேகமாகச் செய்திருக்கும்.

புதுப் படிவத்தில் ஆங்கிலத்தில் நான் எழுதியதன் தமிழ் இது: 'எடுக்கும் முன் ஒன்றைக் கழி. பிறகு புரட்டு. பிறகு இரண்டிலும் இருப்பதை வை. காலியிடம் கண்டதும் முதல் இருபத்து மூன்று இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழி.' சுடலைமுத்து இரண்டு தடவை வாசித்தார். 'பிறகு' என்ற சொல் இரண்டு இடத்திலும் வேண்டுமா, வார்த்தைக்குக் காசாயிற்றே என்றார். வேண்டும், வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்றேன். முத்திரை குத்தினார்.

5. ஒன்பது வினாடி

சனிக்கிழமை பம்பாய் சேர்ந்ததும் நேராக தேஷ்பாண்டேயின் அறைக்குப் போனேன். தந்தி புதன்கிழமையே வந்துவிட்டது, எதையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை என்றார். ஐந்து கார்டு மாற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் மிகத் தாமதமான ஆடு ஒன்பது வினாடி எடுத்திருந்தது.

திங்கட்கிழமை பார்வையாளர்கள் வருமுன் தலைவரே புலிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு ஆடுகளைப் பிடித்தார். பிறகு மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டன. கடிகாரத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எழுந்தவர், கார்டுக் கட்டோடு ரப்பர் பாண்டில் செருகியிருந்த தந்தியை உருவிப் படித்தார்.

"முதல் விசயம் சரி. ரெண்டாவது யாருக்கும் லேசுல தோணாதே. எப்படிவே பிடிச்சீரு?"

"நான் பிடிக்கல சார். தென்காசி தந்தி குமாஸ்தா பிடிச்சாரு."

அவர் தந்தியை மடித்தார். "அவருக்கு இன்னும் ஊர் மாத்தல் வரலயே? வந்தா எந்த ஊருன்னு கேட்டு வையும். இனி ஒம்ம புரோகிராமெல்லாம் மொதல்ல அவருகிட்டதான் போவணும்" என்று சொல்லிவிட்டு, தந்தியைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளியே பார்வையாளர்களின் கார் வந்துவிட்டது. நான் புரோகிராமிங்கிலேயே இருந்தேன், ஓய்வு பெறும் வரை.

இளைஞர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். பிட் தந்திரங்கள் அழகானவை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். நானும் வாழ்நாளெல்லாம் பயன்படுத்தினேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது என்ன செய்கிறது என்பதைச் சாதாரண மொழியில் ஒரு வரி எழுதுங்கள். அந்த இயந்திரத்தைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர் அதைப் படித்து உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்க முடிய வேண்டும். அப்படி எழுத வரவில்லையென்றால் அந்தத் தந்திரம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. அன்று நான் எழுதியிருந்த முதல் படிவத்தை சுடலைமுத்து அப்படியே அனுப்பியிருந்தால், ஆடுகள் பலகைக்கு வெளியே நின்றிருக்கும். நானும்தான்.