பூவரசடித் தெருவில் ஒன்றே முக்கால் மணி நேரம்

ராமேஸ்வரத்தில் எங்கள் பூவரசடித் தெரு பதினாலு அடி அகலம். மாட்டு வண்டி போய்வர விட்ட தெரு. இப்போது அதில் குஜராத்திலிருந்து வரும் சுற்றுலா பஸ் திரும்பப் பார்க்கிறது. திரும்பாது என்று டிரைவருக்கு விளங்குவதற்குள் எங்களில் பாதிப்பேருக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

இதில் அதிகம் அடிபட்டது என் எதிர்வீட்டு துர்காதேவி அக்கா. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். ஏழு டீக்கடையும் இரண்டு மடமும் அக்காவின் மாவை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைக்கின்றன. காலை ஐந்தே காலுக்கு மாவுத் தூக்கோடு அவருடைய டி.வி.எஸ். வண்டி கேட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த நேரத்துக்குக் கேட்டை ஒட்டி ஏதோ ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர் அக்னி தீர்த்தத்தில் முங்கிக்கொண்டிருப்பார்.

அக்கா போய்த் தேடுவார். நம்பர் பிளேட்டைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வார். தெலுங்கு என்றால் "பண்டி தீயண்டி." இந்தி என்றால் "காடி ஹடாவ்." எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவுக்கு நாலு மாநிலத்து மொழியில் வண்டியை எடுக்கச் சொல்லத் தெரியும். வேறு ஒரு வார்த்தை தெரியாது.

தேடி அலுத்துப்போய்த்தான் போர்டு வைத்தார். முதலில் தமிழில், "கேட் முன் வண்டி நிறுத்தாதீர்." படிக்கத் தெரிந்தவர்கள் சட்டை செய்யவில்லை, மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. பிறகு பானிபூரிக்காரரிடம் சொல்லி இந்தியில் ஒன்று, மடத்து மேனேஜரிடம் சொல்லித் தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. நாலு போர்டும் வரிசையாகத் தொங்கின.

ஒரே வாரத்தில் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. நாலு மொழியில் போர்டு தொங்கினால் அது சர்க்கார் ஆபீசாகத்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் தனுஷ்கோடிக்கு வண்டி கேட்டார். ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அக்காவின் வீட்டுக்காரர் முனியசாமி அண்ணன் முன்னால் வரிசையாக நின்றது. தீர்த்த டோக்கன் வேண்டுமாம். அண்ணன் ஐஸ் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்றவர், எந்த வம்புக்கும் போகாத மனுஷன். எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். அன்றைக்கே அக்கா போர்டுகளைக் கழற்றிவிட்டார்.

பக்கத்து வீடு தங்கப்பாண்டியுடையது. அண்ணனுக்குச் சித்தப்பா மகன். ஓட்டு வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகச் சொன்னபோது அக்காவுக்கு நல்ல வார்த்தை சொன்னான்.

"மூணு மாடிதான் மதினி. கீழ பூரா பார்க்கிங். இனிமே ஒங்க கேட்டுப் பக்கம் ஒரு வண்டி வராது."

மூன்று மாடி நாலாகி, நாலு ஐந்தானது. ஜல்லி லாரி ஒன்றரை வருஷம் எங்கள் தெருவில் குடியிருந்தது. திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தால், கீழே ஏ.சி. போட்ட சாப்பாட்டு ஹால்.

"ஏலே, வண்டியெல்லாம் எங்கன நிக்கும்?"

"அதான் தெருவுல எடம் கெடக்குல்ல மதினி."

தெருவில் கிடந்த இடம் அக்காவின் கேட்தான்.

அப்போதும் அக்கா சண்டைக்குப் போகவில்லை. சொந்தக்காரன், காலையில் முகத்தில் முழிக்க வேண்டியவன். ஆடி அமாவாசை வந்தது. பகல் பத்து மணிக்கு முனியசாமி அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டார். வேர்த்துக் கொட்டியது. 108-க்குப் போன் போட்டோம். ஆம்புலன்ஸ் தெருமுனை வரை வந்தது. அதற்குமேல் ஓர் அடி வர வழியில்லை. ஹாரன் சத்தம் மட்டும்தான் வீடு வரை வந்தது.

நான் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அண்ணனை அதில் உட்காரவைத்தேன். தூக்க ஆள் இல்லை. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்த ராஜஸ்தான்காரர்கள் நாலு பேர், ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தோளுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். "ராம் ராம்" என்று சொல்லிக்கொண்டே கார்களுக்கு நடுவே நடந்தார்கள். சாமி புறப்பாடு என்று நினைத்துக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வலியிலும் அண்ணன் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகக் கல் என்றார்கள். இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அண்ணனும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கல்லாப் போச்சு. நெஞ்சுவலியா இருந்திருந்தா?" என்று என்னிடம் ஒருதரம் கேட்டார். மறுநாளே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்.

நாற்பது நாளில் தங்கப்பாண்டி லாட்ஜின் பிளான் நகல் வந்தது. மூன்றே மாடி. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கார் நிற்கக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்திருந்தது. அக்கா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை ராமநாதபுரம் மனு நாளுக்குப் பஸ் ஏறினார். மூன்று திங்கட்கிழமை போனார். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் காத்திருப்பு, இரண்டு நிமிஷப் பேச்சு. மூன்றாவது தடவை காளிதாஸ் என்ற அதிகாரி பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை நேர்ல வந்து பாக்குறேம்மா" என்றார்.

சொன்னபடி வந்தார். பத்து மணிக்கு அவருடைய கார் தெருவுக்குள் நுழைந்தது, லாட்ஜுக்கு இருபதடி முன்னால் நின்றது. முன்னே ஓர் ஆந்திரா வேன் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. பின்னே ஒரு மீன் லாரி, அதற்குப் பின்னே ஆட்டோக்கள். இடதுபக்கம் மதில் சுவர், வலதுபக்கம் கேரளா கார் ஒன்று. எந்தக் கதவையும் ஒரு சாணுக்கு மேல் திறக்க முடியவில்லை.

கால் மணி நேரம் பொறுத்துவிட்டு அவர் அக்காவுக்குப் போன் செய்தார். "அம்மா, இன்னைக்குத் தோதுப்படாது போல. இன்னொரு நாள் வாரேன்."

"எப்புடி சார் போவீங்க?" என்று அக்கா கேட்டார்.

அக்கா ஒரு டம்ளர் டீயும் பிளான் நகலும் எடுத்துக்கொண்டு கார் ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்தே சாப்பாட்டு ஹாலின் கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது.

"சார், ஏழாம் நம்பர்னு கட்டம் போட்டுருக்கு பாத்தீங்களா? அந்த எடத்துல இப்ப ஒருத்தர் பொங்கல் சாப்ட்டுட்டு இருக்காரு. ஒம்பதாம் நம்பர்ல கை கழுவுறாங்க."

அவர் பிளானைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அதற்குள் தெருவுக்குச் செய்தி பரவிவிட்டது. ஓர் அதிகாரி, அதுவும் நகர முடியாமல். ஆளாளுக்குக் காகிதத்தோடு ஓடி வந்தார்கள். நான் சாக்கடை அடைப்புக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் 1998-ல் இருந்து இழுபறியாகக் கிடக்கும் பட்டாவை நீட்டினார்.

"ஐயா, இது எங்க துறை இல்லைங்க."

"எந்தத் துறைன்னு நிதானமாச் சொல்லுங்க தம்பி. எனக்கும் வேலை இல்ல, ஒங்களுக்கும் போக வழி இல்ல."

தங்கப்பாண்டி வேர்த்து விறுவிறுக்க வந்து ஜன்னலில் குனிந்தான். "சார், வெயில்ல உக்காந்திருக்கீங்களே. சூடா நெய் ரோஸ்ட் கொண்டாரச் சொல்லவா?"

"எத்தனாம் நம்பர் பார்க்கிங்ல சுட்டது?" என்றார் காளிதாஸ்.

தங்கப்பாண்டி அதோடு உள்ளே போனவன் வெளியே வரவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆனதும் காளிதாஸ் அக்காவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பத்தடியில் அக்கா வீடு. ஆனால் கதவு திறக்க வேண்டுமே! கேரளாக்காரரைத் தேடி மூன்று பேர் மூன்று திசையில் ஓடினார்கள். "அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துலதான் சாருக்கு நம்ம கஷ்டம் முழுசாப் புரிஞ்சது" என்று அக்கா பிற்பாடு சொல்வார்.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. சாப்பாட்டு ஹாலின் மேஜைகள் வெளியேறின. பன்னிரண்டு கார் என்று பிளானில் இருந்தாலும் நெருக்கி விட்டால் ஒன்பதுதான் நின்றது. காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை தெரு ஒருவழிப்பாதையானது, வண்டி நிறுத்தவும் தடை. மேல் இரண்டு மாடியை இடிக்காமலிருக்கத் தங்கப்பாண்டி கோர்ட்டில் தடை வாங்கிவிட்டான், அது அப்படியே நிற்கிறது. "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டிய மதினி" என்று வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு, இரண்டு மாதம் பேசாமல் இருந்தான். அவன் மனைவி கனகலட்சுமி மட்டும் தினம் மதில் மேல் பாத்திரத்தை வைத்து மாவு வாங்கிக்கொள்வாள்.

எங்களுக்கு நிம்மதி. ஆனால் கார்கள் ராமேஸ்வரத்தைவிட்டுப் போய்விடவில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்தெருவிலிருந்து பதினைந்து பெண்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்ற உமையாள் என்பவர் கணீரென்று கேட்டார்.

"ஒங்க தெரு நல்லாருக்கணும்னு எல்லா வண்டியவும் எங்க வாசல்ல கொண்டாந்து தள்ளிட்டியளே, இது நாயமா?"

அண்ணன் சங்கடப்பட்டு, உள்ளே போய் எல்லோருக்கும் பாய் எடுத்து விரித்தார்.

"நாயமில்லதான்" என்றார் அக்கா கடைசியில். "ஒக்காருங்க. திங்கக்கிழமை எத்தனை பேரு வருவிய?"

ஏழு பேர் போனார்கள். ராமநாதபுரம் பஸ்ஸில் அக்கா ஜன்னலோர சீட்டை உமையாளுக்கு விட்டுக்கொடுத்தார். பாம்பன் பாலம் வரை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்களாம். உச்சிப்புளி வருவதற்குள் உமையாள், தன் வீட்டுக்கும் தினம் ஒரு கிலோ மாவு வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்தெருவுக்கான மனு இன்னும் நடக்கிறது.