கொலுவுக்கு மூன்று நாள் முன்பு போட்ட ஊசி

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்துகொண்டு, நோயாளிகளுக்குப் போன் போட்டு "ஃப்ளூ ஊசி போட்டுக்குங்க" என்று சொல்லும் வேலையில், திட்டு வாங்காமல் ஒரு நாள் போனால் அன்று நான் லீவு என்று அர்த்தம். போன் போட்டே தொண்டை கட்டிப்போன சக நர்ஸ்களே, உங்களுக்குத் தெரியாததா!

இன்னும் ஒன்றா?

குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாய் கீமோவுக்கு வருகிறவர். கீமோவில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், மற்றவர்களுக்கு மூன்று நாள் படுக்கை என்றால் உங்களுக்கு ஐ.சி.யூ. என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"குத்தும்மா, குத்து. நான் இன்னா ஆளா, தையல் மிஷினுக்குக் கீழ வச்ச துணியா?"

தைராய்டு

சேலையூர் வசந்தா டீச்சர் விஷயம் அப்படி லேசாக முடியவில்லை. மார்பகப் புற்றுநோய். காலனியில் யாருக்கும் தெரியாது; தைராய்டு என்று சொல்லி வைத்திருந்தார்கள். தலையில் விக். டாக்டர் ஊசிக்கு எழுதிக் கொடுத்தும் கணவர் மூன்று வாரம் இழுத்தடித்தார். இது செயலிழந்த கிருமியில் செய்தது, ஃப்ளூ வராது, உடம்பு வலியோ லேசான சூடோ ஒரு நாள் இருக்கலாம், கூடவே இருக்கிற நீங்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நானும் கத்திப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை உடைத்திருப்பேன். அவர் சொன்ன காரணம் இது:

"லேசா சூடு வந்தாக்கூட காலனியே விசாரிக்க வந்துடும் சிஸ்டர். அப்புறம் எல்லாம் வெளிய வந்துடும்."

ஒன்பது நாள்

கடைசியில் டீச்சர் தனியாக ஆட்டோ பிடித்து வந்து போட்டுக்கொண்டார். நவராத்திரிக்கு மூன்றே நாள் இருந்தது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். கீமோவில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையோ தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை, ஊரெல்லாம் இருமல். இந்த வருடம் கொலு வேண்டாம், வெற்றிலை பாக்குக்கு யாரையும் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பதினெட்டு வருஷமா வைக்கிறேன். இந்த வருஷம் வைக்கலைன்னா வீட்டுல என்ன சாவுன்னு கேப்பாங்க சிஸ்டர்."

ஹாலில் இருமல்

நவராத்திரியின் நான்காம் நாள் சாயங்காலம் டெம்பரேச்சர் கேட்கப் போன் போட்டேன். டீச்சர் சமையலறையிலிருந்து கிசுகிசுத்தார். எதிர்வீட்டு மாலதி இருமிக்கொண்டே வந்திருக்கிறார், பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார், என்ன செய்வது? அந்த இருமல் போனிலேயே எனக்குக் கேட்டது. "கையைக் கழுவிட்டு ரூமுக்குள்ள போங்க டீச்சர், கதவைச் சாத்துங்க!" என்றேன். "என்னன்னு சொல்லிட்டுப் போவேன்?" என்றார்.

போனை வைக்காமலே அவர் ஹாலுக்கு நடந்தார். வகுப்பில் பேசுகிற குரலில், "மாலதி, தள்ளி உட்காரு. எனக்குக் கேன்சர்" என்றார். பிறகு மாலதியின் குரல்:

"ஐயோ, நான் இருமிட்டே அந்தச் சுண்டலைத் தொட்டேனே… அதை நீ சாப்பிடாத வசந்தா, எடுத்துக் கொட்டிடு."

சட்டைக் கை

அடுத்த நான்கு நாளும் காலை, மாலை டெம்பரேச்சர் கேட்டேன். காய்ச்சல் வரவில்லை. அதற்கு மறுநாள் டீச்சர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது கணவரும் கூடவே வந்தார். நான் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து ஊசிக்கு நீட்டினார்.

"காலனி வாட்ஸ்அப் குரூப்ல யார் யாருக்குச் சளின்னு லிஸ்ட் போட்டு, அவங்கல்லாம் எங்க வீட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு எழுதறாங்க சிஸ்டர். நான் மட்டும் போடாம இருந்தா என்னையும் உள்ள விடமாட்டாங்க."

ஊசி குத்த எனக்கு அரை நிமிடம் போதும். நோயை மறைக்கிற வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கத்தான் எங்கள் ஃபார்மஸியில் இன்னும் மருந்து வரவில்லை.