சடையன் கேட்ட பூ

சடையனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. யார் ஏர் கேட்டாலும் கொடுப்பார். தன் கொல்லை உழாமல் கிடக்கும்போதுகூடக் கொடுப்பார். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் அவரை ஏமாளி என்று சிரித்தவர்களும் அவர் வாசலில்தான் போய் நின்றார்கள், நான் உட்பட. அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொல்ல நினைத்தார். அதையும் சாமி வாயால் சொல்ல வைத்தார்.

எண்பத்திரண்டாம் வருஷம் அவர் மகள் பூங்கோதைக்கு வாணியம்பாடியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். விடுதி கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் பின்தெருவில் சகுந்தலா என்ற தையல்காரம்மா, தன் வீட்டை ஒட்டிய அறையை வாடகைக்கு விடுவதாகச் சொன்னார்கள். அது வேண்டாமென்றால் ஆலங்காயத்தில் சித்தப்பா கோவிந்தன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும்.

அப்பாவும் மகளும் அறையைப் பார்க்கப் போனார்கள். சகுந்தலா பூட்டைத் திறந்து காட்டினார்.

"பாத்துக்கோங்க. லைட்டு இருக்குது, கொழாயும் பக்கத்துலயே. மணி அடிச்சப்புறம் கெளம்பினாகூட கிளாசுக்குப் போய்டலாம். பொண்ணு என் கண்ணு முன்னாடியே இருக்கும், கவலப்படாதீங்க."

"நல்ல வூடுங்க," என்றார் சடையன். வேறென்ன சொல்வார்?

திரும்பும் பஸ்ஸில் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார். அறையில் இருந்தால் படிக்க வெளிச்சம் உண்டு, அலைச்சல் இல்லை, துணைக்கும் ஒரு பொம்பளை இருக்கிறாள். கோவிந்தன் வீட்டிலோ பிள்ளைகள் கூட்டம். தண்ணீர் இழுப்பது முதல் மாவாட்டுவது வரை இவள் தலையில்தான் விழும், அப்புறம் பஸ் வேறு. ஆனால் அது சொந்தக்காரர் வீடு. சனிக்கிழமையானால் மகள் மலையேறி வந்துவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் நல்லதெல்லாம் அறைப் பக்கமே போய்க் குவிந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பூட்டு கண்ணை விட்டுப் போகவே இல்லை. அப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கதவுகளுக்குக் கயிறுதான். பூட்டிக்கொண்டு இருக்கப் பழகிய பெண் திரும்பி வருவாளா?

முடிவு தெரியாமல் தவித்தால் எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பனிடம் பூக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு பொட்டலத்தை எடுப்போம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சடையன் இரண்டு பொட்டலங்களிலும் சிவப்பையே மடித்தார்.

பூங்கோதை ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு பொட்டலங்களையும் ஓடையில் விடப் போனாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அந்தத் தைரியத்தில் சடையன் சும்மா நின்றார்.

அவள் கோவிந்தன் வீட்டுக்குப் போனாள். அந்த வருஷம் முழுக்க வீட்டு வேலைக்கும் பஸ்ஸுக்குமாக ஓடினாள். பரீட்சையன்று பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடவில்லை. ஒரு பாடம் போயிற்று.

"சாமி வேணாம்னு சொல்லியும் அந்த ரூமுக்குப் போயிருந்தா, இன்னும் இன்னா ஆயிருக்குமோ," என்று அவள் அம்மா மாதம்மாள் ஆறுதல் சொன்னாள். பிறகு சடையன் கோயில் வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போனார்.

லீவில் பூங்கோதை வீட்டுக்கு வந்திருந்தபோது, அறை மறுபடியும் காலி என்று சகுந்தலா சொல்லியனுப்பினார். அன்று நான் ஏர் கேட்கப் போயிருந்தேன். சடையன் என்னைக் கவனிக்கவே இல்லை.

"இந்த வருசம் அங்க தங்கிக்கோ, பாப்பா."

"சாமி வேணாம்னுச்சேப்பா?"

"சாமி எங்க சொல்லிச்சு..." அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டுலயும் சிவப்புதான் வெச்சேன். பாவி, நான்தான் வெச்சேன்."

"தெரியும்ப்பா. ஓடையில வுடறதுக்கு முன்னாடி பிரிச்சிப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே, பாப்பா!"

"ஊர்ல ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லாத ஆளு நீ. எனக்கு மட்டும் சொல்ற. இன்னான்னு கேக்கறது?"

சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, கோயிலுக்குப் போலாம். இந்த வாட்டி ஒயுங்கா கேக்கலாம்."

"பூவெல்லாம் வேணாம்ப்பா. நீயே சொல்லு."

சடையன் வாசல் கதவின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். நான் ஏர் கேட்க வந்ததையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய்ட்டு வாம்மா," என்றார். "நல்ல பூட்டா ஒண்ணு நானே வாங்கித் தர்றேன்."