ராகு காலத்தில் ஒரு பிக்கப்

லிங்கராஜபுரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனதால் என் நைட்டி வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே இருக்கும் அத்திபெலேவுக்கு மாற்றினேன். ஆன்லைனில் ஆர்டர் வாங்கி கொரியரில் அனுப்புவதை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதிலும் பி.காம். எனவே திட்டம் பக்காவாக இருந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்குச் சாமான் இறங்கும், ஒரு மணிக்குக் கொரியர்காரர் பிக்கப்புக்கு வருவார். அன்று பார்சல்கள் போகாவிட்டால் ஆர்டர்கள் தானாக ரத்தாகிவிடும். புது முகவரியில் முதல் நாளே அப்படி ஆனால், "அப்பவே சொன்னேன்" என்று அம்மா வருஷம் முழுக்கச் சொல்வார்.

வழியில் இருந்த சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்குக்கு என் திட்டம் தெரியாது. டெம்போ புது வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அம்மா இறங்கிப் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"ராகு காலம். ஒன்றரை ஆவட்டும், அப்புறம் சாமான் உள்ள போவும்."

"அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?"

"இத்தினி படிச்சியே, காலண்டர்ல போட்டிருக்கறத படிக்கலியா?"

பிரிண்டரும் சாமான்தானாம். பக்கத்து பேக்கரிக்காரர் இரக்கப்பட்டு கரண்டுக்கு ஒயர் நீட்ட, டெம்போவுக்குள்ளேயே உட்கார்ந்து லேபிள் அடிக்க ஆரம்பித்தேன். நைட்டிக் குவியலைப் பார்த்ததும் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"மெரூன்ல எக்ஸ்எல் இருக்கா?"

"இது கடை இல்லக்கா, ஆன்லைன்."

"டெம்போவுல வெச்சு வித்துக்கினு ஆன்லைனாம்!" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, அந்த அக்கா துணியைக் கசக்கிப் பார்த்தார்.

கடைசி லேபிளை ஒட்டும்போது கொரியர்காரர் வந்துவிட்டார். வண்டியைப் பார்த்து, முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினார். "புது அட்ரஸ் மேடம். கதவுகிட்ட வெச்சு, டோர் நம்பரோட போட்டோ எடுக்கணும். இல்லன்னா ஆப் ஒத்துக்காது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாசற்படியைப் பார்த்தார். பிறகு பார்சல்களை எல்லாம் இரண்டு கையிலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்கு வெளியே, கதவு எண்ணுக்குக் கீழே போய் நின்றார்.

"கீழயும் வெக்கல, உள்ளயும் போவல. எடுப்பா."

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"ராகு காலத்துல இன்னா சிரிப்பு?"

முறைத்த முகத்தோடு போட்டோ ஏறியது, ஆப் ஒத்துக்கொண்டது. கொரியர்காரர் பார்சல்களோடு பறந்தார். என் ஃபோனில் எல்லா ஆர்டர்களும் பச்சையாக மாறின. சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "ராகு காலத்துலயே அனுப்பிட்டியேம்மா?"

"அது வாங்கினவங்க வூட்டுக்குப் போவுது. அவங்க நேரம் பாத்து வாங்கிக்கட்டும்."